நினைவுக்குத் துணையான கருவிகள்

மறதி மனிதனுக்கு இயல்பு. அதனை வெல்ல முயல்வதும் அவனுக்கு இயல்பே. கடையில் வாங்க வேண்டியதை மறவாதிருக்க முந்தானையில் முடிச்சிட்டுக்கொண்ட பாட்டியும், வீடுதோறும் ஊற்றிய பாலின் கணக்கைச் சுவரில் கரிக்கோடாக இழுத்துவைத்த பால்காரரும் செய்தது ஒரே காரியந்தான். தம் நினைவின் ஒரு பகுதியைத் தமக்குப் புறத்தேயுள்ள ஒரு பொருளிடம் அவர்கள் ஒப்படைத்தார்கள். உரிய வேளையில் அப்பொருள் அதனைத் திருப்பித் தந்தது. திருப்பித் தராத முடிச்சினால் பயன் என்ன? இந்தச் சிறு வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் காலத்திலேயே தோன்றி வளர்ந்து மறைந்த ஒரு கருவியின் வரலாற்றை இன்று காண்போம்.

கையடக்க மின்னணுக் குறிப்பேடு என்று நாம் சொல்லத்தக்க கருவி அது. ஆங்கிலத்தில் அதனை ஆர்கனைசர் என்றார்கள். முகவரி, தொலைபேசி எண், நாள்வேலை, சிறு குறிப்பு ஆகியவற்றைத் தாங்கிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ கிடக்கும் சிறு கணிப்பொறி. 1980களில் தோன்றி, 1990களில் ஓங்கி, புத்தாயிரம் பிறந்து பத்தாண்டுகள் நிறைவதற்குள் அது தன் தொழிலைக் கைபேசியிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. அதன் வாழ்வு குறுகியதாயினும், 'எனக்கு ஏற்ற கருவி எது?' என்று கேட்போர் அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை பல.

மின்னணுக் குறிப்பேட்டுக்கு மூத்தது தாள் குறிப்பேடு. லண்டனில் 1921ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நார்மன் அண்டு ஹில் என்ற நிறுவனம் 'ஃபைலோஃபாக்ஸ்' என்ற பெயரில் ஓர் ஏட்டினை விற்றது. தோலுறையினுள் வளையங்கள், அவ்வளையங்களில் கோத்த தனித்தனித் தாள்கள். வேண்டிய தாளைச் சேர்க்கலாம், வேண்டாததைக் கழற்றலாம். பல்லாண்டுகள் அமைதியாக விற்பனையான இந்த ஏடு, 1980களில் பிரிட்டனில் தொழில்துறையினர் கையில் ஓர் அணிகலனைப் போல விளங்கியது. அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. எழுதக் கற்றவர் எவரும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு குறைகள் அதனிடம் இருந்தன. நூறு தாள்களுக்கிடையே ஒரு பெயரைத் தேடுவது எளிதன்று. ஏடு தொலைந்தாலோ, அதிலிருந்த யாவும் தொலைந்தன. இவ்விரு குறைகளையும் தீர்ப்பதாக வாக்களித்துக்கொண்டு மின்னணுக் கருவி களத்தில் இறங்கியது.

டேவிட் பாட்டர் என்பவர் 1980இல் லண்டனில் நிறுவிய சயான் நிறுவனம், 1984ஆம் ஆண்டு 'சயான் ஆர்கனைசர்' என்ற கருவியை வெளியிட்டது. உறுதியான நெகிழிப் பெட்டி. விசைகளை மூடிக்காக்க நகரும் உறை. ஒரே வரி காட்டும் சிறு திரை. அவ்வரியில் 16 எழுத்துகளே கொள்ளும். தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை அது பின்பற்றவில்லை. ஆங்கில எழுத்துகளை அகரவரிசையிலேயே அடுக்கியிருந்தது. தட்டச்சு அறியாதவரும் தேடித் தட்டலாம் என்பதே காரணம் போலும். ஒரு பெயரின் பகுதியைத் தட்டினால் அப்பெயருக்குரிய குறிப்பு திரையில் தோன்றும். தாளேட்டின் முதற்குறை தீர்ந்தது.

அக்கருவி தன் நினைவைக் காத்த முறை விந்தையானது. 'டேட்டாபேக்' என்ற சிறு பேழைகள் அதன் முதுகில் செருகப்பட்டன. அப்பேழையில் ஒருமுறை பதிந்தது, மின்கலம் தீர்ந்தாலும் அழியாது. பயன்படுத்துபவர் ஒரு குறிப்பை நீக்கினால், அது கண்ணுக்கு மறைக்கப்பட்டதே அன்றி, அது பிடித்திருந்த இடம் காலியாகவில்லை. பேழை நிரம்பிவிட்டால், அதனைக் கருவியிலிருந்து கழற்றிப் புற ஊதாக்கதிரில் வைத்து முழுவதையும் அழித்தபிறகே மீண்டும் எழுத இயலும். எழுதுவதைவிட அழிப்பது கடினமாயிருந்த ஏடு அது! இடையூறுதான், ஆயினும் ஒப்படைத்ததைக் கைவிடாத நேர்மை அதனிடம் இருந்தது. 1986இல் வெளிவந்த இரண்டாம் ஆர்கனைசர், இரண்டு வரித் திரையுடன், பட்டைக் குறியீடுகளைப் படிக்கும் துணைக்கருவியையும் இணைக்கத்தக்கதாய், கிடங்குகளிலும் கடைகளிலும் சரக்குக் கணக்கெடுப்போர் கையில் பல்லாண்டு உழைத்தது. தனி மனிதருக்கென்று பிறந்த கருவிக்கு வேலைத்தலங்களிலும் இடம் கிடைத்தது. அங்கே தேவை இன்னதென்று தெளிவாக இருந்ததே அதற்குக் காரணம்.

இதே காலத்தில் ஜப்பானியர் வேறொரு வழியில் நடந்தனர். காசியோ நிறுவனத்தின் 'டிஜிட்டல் டயரி'களும், ஷார்ப் நிறுவனத்தின் 'விசார்ட்' கருவிகளும் 1980களின் இறுதியில் உலகெங்கும் பரவின. நம் நாட்டிலும் 1990களில் டிஜிட்டல் டயரி என்றால் அறியாதார் நகரங்களில் குறைவு. மெல்லிய உடல், மலிவான விலை, கணக்கிடும் வசதி, பல நாட்டு நேரங்கள் எனப் பல நலன்கள் அவற்றுக்கு இருந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை மின்சாரம் உள்ளவரையில் மட்டுமே நினைவைத் தாங்கும் வகையைச் சேர்ந்தவை. காசு வடிவ மின்கலங்கள் தீர்ந்ததைக் கவனியாது விட்டாலோ, மாற்றும் முறை தவறினாலோ, பல ஆண்டுகளாகச் சேர்த்த முகவரிகள் ஒரு நொடியில் மறைந்துபோகும். கருவியை வாங்கும்போது அதன் விசைகளையும் திரையையும் பார்த்தவர் பலர். அதன் மின்கலப் பேழையைத் திறந்து பார்த்தவர் சிலரே. இழந்தபிறகுதான் அவர்கள் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடினார்கள்.

நீண்ட குறிப்புகளும் கடிதங்களும் எழுதுவோர்க்கென்று, 1991இல் சயான் நிறுவனம் 'தொடர் மூன்று' என்ற கருவியைக் கொணர்ந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் போல மடங்கி மூடும் அமைப்பு. உள்ளே முறையான விசைப்பலகை. நாட்குறிப்பும் சொற்செயலியும் உண்டு. எளிதில் கிடைக்கும் இரண்டு சிறு மின்கலங்களே அதனை வாரக்கணக்கில் இயக்கும். அவற்றை மாற்றும்போது நினைவைக் காக்கத் தனியே ஒரு காசு மின்கலமும் உண்டு. பயணத்திலிருந்தே எழுத வேண்டிய எழுத்தாளர்க்கும் செய்தியாளர்க்கும் அது உற்ற துணையாயிற்று. அவர் தேவை எழுதுவது. அதற்கு விசைப்பலகையே ஏற்றது. நாளுக்கு நான்கு குறிப்புகள் எழுதுவோர்க்கோ அது தேவைக்கு மிஞ்சிய சுமை.

இனி, இவ்வரலாற்றின் பெரும் தோல்வியையும் பெரும் வெற்றியையும் அடுத்தடுத்துக் காணலாம். 1992ஆம் ஆண்டு தொடக்கத்தில், அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத் தலைவராயிருந்த ஜான் ஸ்கல்லி, இத்தகைய கருவிக்குத் 'தனியாள் மின்னணு உதவியாளர்' என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார். குறிப்பேடு உதவியாளராக உயர்ந்தது. பெயரோடு எதிர்பார்ப்பும் உயர்ந்தது. 1993 ஆகஸ்டு மாதம் ஆப்பிள் நிறுவனத்தின் 'நியூட்டன் மெசேஜ்பேட்' வெளியாயிற்று. விலை 699 டாலர்; எடை ஏறத்தாழ 400 கிராம். விசைப்பலகை இல்லை. திரையின்மேல் எழுதுகோலால் அவரவர் கையெழுத்தில் எழுதினால், கருவியே படித்து அச்செழுத்தாக மாற்றிக்கொள்ளும் என்பதே அதன் பெருமை.

பெருமையே சிறுமையாக முடிந்தது. நியூட்டன் எழுத்தெழுத்தாகப் படிக்காமல், தன் அகராதியிலுள்ள சொற்களோடு பொருத்திப் பார்த்து ஊகிக்க முயன்றது. ஊகம் தவறியபோது ஓர் எழுத்து மட்டும் பிழையாவதில்லை. முற்றிலும் வேறான ஒரு சொல்லே வந்து நின்றது. வெளியான அதே மாதத்தில், அமெரிக்கச் செய்தித்தாள்களில் வரும் 'டூன்ஸ்பரி' என்ற கேலிச்சித்திரத் தொடர் இதனை எடுத்து நகையாடியது. பின்னாளில் வெளியான நியூட்டன் கருவிகள் கையெழுத்தைப் பெரிதும் செம்மையாகப் படித்தன. எனினும் முதல் நகைப்பின் ஒலி அடங்கவில்லை. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அக்கருவியை நிறுத்திவிட்டது. நியூட்டனிடம் ஆற்றல் குறைவு என்று எவரும் சொல்வதற்கில்லை. கொடுத்த சொல்லைக் கொடுத்தபடி திருப்பித் தரும் என்ற நம்பிக்கைதான் முதலில் குறைந்தது.

ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் 1992இல் பாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் பிற நிறுவனங்களோடு சேர்ந்து 1993இல் 'சூமர்' என்ற கருவியை ஆக்கித் தோல்வி கண்டவர்தாம். ஆனால் தோல்வியிலிருந்து அவர் கற்றார். சூமரை வாங்கியவர்களிடம் விசாரித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. அவர்களுக்குச் சட்டைப்பைக்குள் ஒரு கணிப்பொறி தேவைப்படவில்லை. தம் மேசைக் கணிப்பொறியிலுள்ள குறிப்புகளைக் கையோடு எடுத்துச் செல்லவே விரும்பினர். தம் கருவிக்குப் போட்டி மற்றொரு மின்னணுக் கருவியன்று, தாளே என்று ஹாக்கின்ஸ் உணர்ந்தார்.

அடுத்த கருவியை அமைப்பதற்கு முன், சட்டைப்பையில் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்து எடுத்துக்கொண்டார். அதனைப் பையிலிட்டுக்கொண்டே சில காலம் நடமாடினார். எவரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால், கட்டையை வெளியே எடுத்து, குச்சியொன்றால் அதன்மேல் குறிப்பதுபோல் பாவனை செய்வார். எத்தனை முறை எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம், எடுத்துக் குறிப்பதற்கு எவ்வளவு நேரம் பிறர் பொறுப்பார் என்பவற்றை அவர் அந்த மரக்கட்டையிடமே கற்றார். அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணிப்பொறி வரலாற்றுக் காட்சியகம் அக்கட்டையைப் போற்றி வைத்திருக்கிறது. வாங்குவோர்க்கும் அக்கட்டை நல்லாசிரியர். ஒரு வாரம் நாம் எதை எதை எழுதிவைக்க விரும்பினோம் என்று எண்ணிப் பார்த்தவர்க்குத் தேர்வு எளிதாகிவிடும்.

1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'பைலட் 1000', 'பைலட் 5000' என்ற இரு கருவிகள் வெளியாயின. விலை முறையே 299, 369 டாலர். எடை 160 கிராம் அளவே. திரைக்குக் கீழே முதன்மையான பொத்தான்கள் நான்கு: நாள்வேலைக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, செய்ய வேண்டியவற்றுக்கு ஒன்று, குறிப்புக்கு ஒன்று. பொத்தானை அழுத்தினால், தாமதமின்றி வேண்டிய பக்கம் விரியும். சுண்டுவிரல் பருமனுள்ள இரண்டு மின்கலங்களில் வாரக்கணக்கில் அது இயங்கியது. நியூட்டன் செய்ய விரும்பியவற்றுள் பெரும்பகுதியை இது செய்ய விரும்பவேயில்லை. சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தவறாமல் செய்தது.

கையெழுத்துச் சிக்கலையும் அது வேறு வகையாகத் தீர்த்தது. மனிதனின் கையெழுத்தைக் கருவி கற்கட்டும் என்றது நியூட்டன். கருவிக்குப் புரியும் எழுத்தை மனிதன் கற்றுக்கொள்ளட்டும் என்றது பைலட். 'கிராஃபிட்டி' என்ற அம்முறையில் ஏறக்குறைய ஒவ்வோர் எழுத்தும் ஒரே இழுப்பில் முடியும். ஆங்கிலத்தின் முதலெழுத்தை நடுக்கோடு இல்லாமல் கூரைபோல் எழுதினால் போதும். திரையின் அடியிலுள்ள கட்டத்தில் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிச் செல்லலாம். இஃது அடிமைத்தனம் போலத் தோன்றலாம். ஆயினும் சிறிது நேரப் பயிற்சியில் பலர் அதனைக் கற்றுக்கொண்டனர். பிழை நேர்ந்தால் அது தம் கைப்பிழை என்று அவர்க்குத் தெரிந்தது, திருத்திக்கொள்ள முடிந்தது. காரணம் தெரியாத பிழையைத்தான் மனிதன் பொறுப்பதில்லை.

பைலட்டின் நினைவும் மின்சாரத்தை நம்பியதே. மின்கலங்களை மாற்றுவதற்கு ஒரு நிமிடமளவே அவகாசம் உண்டு. எனினும் அழிவுக்கு மாற்று ஒன்று அதனோடே வந்தது. மேசையிலுள்ள ஒரு தொட்டிலில் கருவியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதிலுள்ள யாவும் மேசைக் கணிப்பொறியில் படியாகும். அங்கே எழுதியவை இங்கே வரும். கருவி தொலைந்தாலும், உடைந்தாலும், நினைவு தொலைவதில்லை. தாளேட்டின் இரண்டாம் குறையும் இவ்வாறு தீர்ந்தது. வாங்கியவர்களுள் பலர் அத்தொட்டிலைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் கருவி தவறி விழுந்து உடைந்த நாளில் அவர்களைக் காத்தது திரையன்று, தொட்டிலே.

வெற்றி கண்ட இடத்தில் போட்டியும் வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'பாக்கெட் பிசி' வகைக் கருவிகள் 2000ஆம் ஆண்டு வெளியாயின. வண்ணத்திரை, இசை, பெரிய கணிப்பொறியில் எழுதிய ஆவணங்களைத் திறக்கும் ஆற்றல் ஆகிய யாவும் அவற்றில் இருந்தன. அவற்றுக்கு விலை மிகுதி. மின்னூட்டமும் அடிக்கடி வேண்டும். அலுவலக ஆவணங்களைக் கையில் கொண்டு திரிய வேண்டியவர்க்கு அந்தச் செலவு தகும். முகவரி மட்டும் பார்ப்பவர்க்குத் தகாது. அன்றியும், ஊட்டிய மின்சாரம் முழுதும் வடிந்துபோக விட்டால், பயனர் எழுதிய குறிப்புகளும் வடிந்துபோகும் குறை அவ்வகையில் நெடுநாள் இருந்தது. 2005இல் வந்த மென்பொருள் மாற்றத்திற்குப் பின்னரே, மின்சாரம் இன்றியும் நிலைக்கும் நினைவு அங்கு முறையாக இடம்பெற்றது. 1984இல் சயான் பேழை காட்டிய நேர்மையைத் திரும்ப அடைய இவ்வகைக்கு இத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இதுவரை கூறிய கருவிகளெல்லாம் ஆங்கிலம் அறிந்தவரையும், தமக்கென ஒரு கருவி வாங்க வல்லவரையும் முதலில் நினைந்தே செய்யப்பட்டவை. இந்நிலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்களும் பொறியாளர்களும் கூடி, 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கருவியை வகுத்தார்கள். 2001இல் அதன் முன்மாதிரி காட்டப்பெற்றது; 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு விற்பனைக்கு வந்தது. எழுத்தறியாதார்க்கும் பயன்படும்படி, இந்திய மொழிகளில் உரையைப் படித்துக்காட்டும் வகையில் அது எண்ணப்பட்டது. ஒவ்வொருவரும் தமக்குரிய ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, ஊருக்குப் பொதுவான கருவியில் செருகிப் பயன்படுத்தலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. கருவி பொது, நினைவு தனி. எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவில்லை. ஆயினும், 'யாருடைய தேவை? எந்த மொழியில்?' என்ற கேள்வியைக் குறிப்பேட்டின் வரலாற்றில் எழுப்பிய பெருமை அதற்கு உண்டு.

முடிவு விரைந்து வந்தது. 2001இல் சயான் நிறுவனம் பொதுமக்களுக்கான கையடக்கக் கருவிகளை விட்டு விலகியது. 2002இல் ஹாக்கின்ஸின் புதிய நிறுவனமே குறிப்பேட்டையும் தொலைபேசியையும் ஒன்றாக்கி 'டிரியோ' என்ற கருவியை வெளியிட்டது. 2007இல் ஐபோன் வந்தபின், தனிக் குறிப்பேட்டுக்கு வேலை அருகியது. பாம் நிறுவனமும் 2010இல் பிறர் கைக்கு மாறியது. இன்று அலமாரியின் மூலையில் கிடக்கும் அக்கருவிகள் பலவற்றின் உள்ளே, எவரோ ஒருவர் அருமையாகச் சேர்த்த பெயர்கள், படிப்பாரின்றி மறைந்துவிட்டன. தாளில் எழுதிவைத்தவருடைய பெயர்களோ இன்னும் படிக்கும் நிலையில் இருக்கின்றன.

ஆகவே, நினைவுக்குத் துணை தேடும் நாம் எந்தக் காலத்திலும் கேட்க வேண்டியவை சிலவே. நாம் மிகுதியாக எழுதுபவரா, மிகுதியாகத் தேடிப் பார்ப்பவரா? எழுதுபவர்க்கு விசைப்பலகை, பார்ப்பவர்க்கு விரைந்து திறக்கும் பக்கம். நம் மொழியில் அது எழுதுமா? அதன் ஆற்றல் தீரும்போது நம் குறிப்பு என்னாகும்? கருவி தொலைந்த மறுநாள், அக்குறிப்பு வேறெங்கே இருக்கும்? அதனைச் செய்த நிறுவனம் தொழிலை நிறுத்திவிட்டால், நம் குறிப்புகளை எடுத்துக்கொண்டு வெளியேற வழியுண்டா? கைபேசிக் காலத்தில் இவ்வினாக்கள் பழமையடையவில்லை, கூர்மையடைந்தன. மின்கலத்தின் இடத்தில் இப்பொழுது கடவுச்சொல் நிற்கிறது. மேசைத் தொட்டிலின் இடத்தில், நாம் காணாத தொலைவிலுள்ள பிறருடைய கணிப்பொறி நிற்கிறது. எனவே வேண்டியவர் சிலரின் எண்களையேனும் ஒரு தாளில் எழுதிவைப்பது இன்றும் அறிவுடைமையே.

எத்தனை செய்யும் என்று கேட்டு வாங்கிய கருவிகள் பல ஏமாற்றின. கொடுத்ததைத் திருப்பித் தருமா என்று கேட்டவர் ஏமாறுவது அரிது. பாட்டியின் முடிச்சுக்கு ஆற்றல் சிறிது. ஆனால் வீடு திரும்பி அதனை அவிழ்க்கும் வரையில், அவள் ஒப்படைத்ததை அது இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. நம் துணையைத் தேர்வதற்கு அதனினும் நல்ல அளவுகோல் வேறில்லை.